நடுவில் நின்ற மாப்பிள்ளைக்கு

என் தனத்தோடு பிறந்தவனே, மாப்ளே கலியமூர்த்தி,

அரியலூரில் உன்னோடு தொழில் செய்த வக்கீல்கள் உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். சொந்தக்காரர்களில் ஒருவர் எழுத வேண்டும் என்று வீடு தேடி வந்தார்கள். உன் மனைவி வள்ளியால் இப்போது எழுத முடியாது. உன் அக்கா தனம் பேனா பிடித்தவள் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான்.

வந்தவர்களில் ஒரு சின்ன வக்கீல், "உங்களுக்கும் சாருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் இருந்துச்சுன்னு சொன்னாங்க, பரவால்லீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதைத்தான் எழுதப் போகிறேன் என்றேன். எழுதினால் எழுதியபடி போட வேண்டும், ஒரு வரி வெட்டக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். உன் பெருமையை மற்றவர்கள் எழுதுவார்கள். அதற்கு அவர்களுக்குப் படிப்பு இருக்கிறது.

நீ போன பிறகு எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். சாப்பிடுகிறேன். உப்பு இருக்கிறதா என்று தனம் கேட்டால் இருக்கிறது என்கிறேன். இருந்ததா என்று எனக்குத் தெரியாது. செந்துறையில் பஸ் ஏறுகிறேன், அரியலூரில் இறங்குகிறேன், உன் ஆபீஸ் இருந்த தெருவழியே நடந்து கோர்ட்டுக்குப் போகிறேன். உன் பெயர்ப்பலகையை இன்னும் கழற்றவில்லை. ரெட்டிபாளையம் போகிற சிமெண்டு லாரிகள் கிளப்புகிற புழுதி அதன்மேல் படிந்திருக்கிறது. அதைப் பார்த்தாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு நம் வழக்கு தெரியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

என் கடலைக் கொல்லைக்குப் பின்னால் பழனிமுத்துவின் கொல்லை. அவன் எனக்குப் பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை, பக்கத்து நிலத்துக்காரன். ரோட்டிலிருந்து அவன் நிலத்துக்கு வண்டி போக வேண்டுமானால் என் நிலத்தின் மேற்கு ஓரமாகத்தான் போக வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் சும்மா போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் கடலை பிடுங்கி முதல் வண்டி ஓட்டுவதற்கு முந்தின நாள், பழனிமுத்துவின் அப்பா சின்னசாமி எங்கள் வாசலுக்கு வருவார். "நாளைக்கு வண்டி விடறேன்" என்பார். என் அப்பா "விடு" என்பார். அப்பாவுக்குப் பிறகு நான் "விடுங்க" என்பேன். அவ்வளவுதான். காப்பி கூடக் குடிக்க மாட்டார், போய்விடுவார்.

ஒரு வருஷம் கடலை பிடுங்குகிற சமயத்தில் சின்னசாமி இறந்துபோனார். நானும் சாவுக்குப் போய் வந்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால், வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பழனிமுத்துவின் வண்டி என் நிலத்தில் போகிறது. அன்று சாயங்காலமே தடத்தில் கருவேல முள் வெட்டிப் போட்டேன். அவன் கோர்ட்டுக்குப் போனான். அந்த வண்டித்தடம் அவன் அப்பன் காலத்திலிருந்து அவர்களுடைய பாத்தியம் என்று பிராது. பாத்தியம் இல்லை, நாங்கள் கொடுத்த அனுமதி என்பது என் எதிருரை. கேட்டு வந்தவனுக்கு வழி விடுவேன். உரிமை என்று வந்தவனுக்கு விட மாட்டேன். இன்றைக்கும் அதுதான் என் நிலை.

பிராது நகல் கைக்கு வந்த அன்று நேராக உன் ஆபீசுக்கு வந்தேன். மச்சினன் வக்கீலாக இருக்கும்போது எனக்கென்ன என்று நினைத்து வந்தேன். நீ அதை இரண்டு தரம் படித்தாய். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தாய்.

"மாமா, நான் உங்களுக்கு வக்காலத்துப் போட மாட்டேன்."

"ஏன், அவன் பீஸ் சேத்துத் தர்றேங்கிறானா?"

"அவருக்கும் போட மாட்டேன்."

"அப்பறம் எதுக்குடா அந்தக் கறுப்புக் கோட்டு? குளிருக்கா?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் பேசணும்னா நான் நடுவுல நிக்கணும் மாமா. உங்க பக்கம் வந்துட்டேன்னா அவரு என்கிட்ட வாயத் தொறக்க மாட்டாரு" என்றாய். அக்காவைக் கட்டியவன் ஒரு பக்கம், ஊரான் ஒருவன் ஒரு பக்கம். நீ நடுவில். இதை நான் அன்றும் ஏற்கவில்லை, பிறகும் ஏற்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கோபத்தில் திருச்சிக்குப் போய், பழைய புத்தகக் கடையில் தமிழில் எழுதிய சட்டப் புத்தகம் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன். எதிருரையை நானே எழுதினேன். வக்கீல் வைக்காமல் நானே ஆஜரானேன். நீதிபதிகள் மாறினார்கள், நான் மாறவில்லை. வாய்தா தவறியதில்லை. உன்னை வராந்தாவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ கூசாமல், "மாமா, சாப்ட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாய்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போக ஆரம்பித்தாய். வாரத்தில் ஒரு நாள். போய் வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அக்கா கையில் சாப்பிட்டுவிட்டுப் போவாய். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவாய். பேச்சு தனத்திடம், காது என் பக்கம்.

"வருஷக்கணக்கா படிக்கிறாங்கக்கா. எதிராளிய எப்படி மடக்கறதுன்னு சொல்லித் தர்றோம். எதிராளிகிட்ட எப்படிப் பேசறதுன்னு ஒரு மணி நேரம் கூடச் சொல்லித் தர்றதில்ல."

அதனால் நீயாக ஒரு பாடம் வைத்தாய். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைப்பது. ஒருவன் வாதி, ஒருவன் பிரதிவாதி. தன் கட்சியைப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் அடுத்தவன் கட்சியைச் சொல்ல வேண்டும். கேட்கிறவன் "ஆமா, இதான் என் வழக்கு" என்று சொல்லும் வரை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் பேச்சு. சில பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமானாலும் அந்த "ஆமா" கிடைக்காதாம். கிடைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது என்பாய்.

உன் பாடத்துக்கு என் வழக்கைத்தான் எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு என் கொல்லைக்கே வந்துவிட்டாய். தடத்தைப் பார்த்தார்கள், முள்ளைப் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். குடை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"ஐயா, அவரு வாசல்ல வந்து கேட்டா வழி விட்டுருவீங்களா?"

"விட்டுருவேன்."

"அப்ப உங்க சண்டை பாதைக்கு இல்லீங்களே?"

படித்த பெண்ணிடம் என்ன பேசுவது. வகுப்பில் ஒருவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னைப் போல நடித்தான் என்றும், எல்லோரும் சிரித்தார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். உன்னிடம் கேட்டேன். "சிரிச்சது நெசந்தான் மாமா. ஆனா கடைசில உங்க பக்கந்தான் சரின்னு கை தூக்கினவங்க ஜாஸ்தி" என்றாய். அது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? இனி யாரிடம் கேட்பது?

ஒரே ஒரு தரம் என்னையும் பழனிமுத்துவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாய். செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். அவன் வீடும் வேண்டாம், என் வீடும் வேண்டாம், உன் ஆபீசும் வேண்டாம் என்று இடத்தை நீதான் முடிவு செய்தாய். நடுவில் நீ. முதலில் ஒரு நிபந்தனை சொன்னாய். "இங்க பேசறது இங்கயே. இதை எடுத்துக்கிட்டுப் போய் யாரும் கோர்ட்டுல போடக் கூடாது. சம்மதமா?" பழனிமுத்து தலையாட்டினான். நான், "ஒண்ணும் பேசப் போறதில்ல, எனக்கென்ன சம்மதம்" என்றேன்.

பழனிமுத்துவைப் பேசச் சொன்னாய். அவன் என் கட்சியைச் சொன்னான். குற்றம் சொல்ல முடியாதபடிதான் சொன்னான். நான் "ஆமாம்" என்று சொல்லவில்லை. பிறகு தன் கட்சியைச் சொன்னான். அப்பா செத்த துக்கம், காரியம் முடியவில்லை. துக்கக்காரன் கருமாதிக்கு முன்னால் அடுத்தவன் வாசல் மிதிக்கக் கூடாது. வானம் மூடிக்கொண்டிருந்தது, கடலை பிடுங்கிக் கிடந்தது. அதனால் சொல்லாமல் வண்டியை ஓட்டினான்.

"வர முடியலன்னா ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன். எதிருரையிலும் அதைத்தான் எழுதியிருந்தேன்.

"ஆள் விட்டுச் சொல்ற விஷயமாங்க அது?" என்றான் அவன். "எங்கப்பா ஒரு நாளும் ஆள் விட்டதில்ல. ஆள் விட்டா உங்களுக்கு என்ன மருவாத?"

இது சாக்கு என்றேன். நீ என் பக்கம் திரும்பி, "மாமா, இப்ப அவரு கட்சிய நீங்க சொல்லுங்க. ஒத்துக்க வேணாம். சொல்லுங்க, போதும்" என்றாய். என் வாயால் அவன் வழக்கைச் சொல்ல மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டாய். வாய்தாவுக்கு வந்தால் கேட்பாய். பொங்கலுக்கு வந்தால் கேட்பாய். கடைசியாக வந்தபோது கூட, செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரு கட்சிய ஒரு தரம் சொல்லிப் பாருங்க மாமா, தனியாவாவது" என்றாய். போடா என்றேன். சிரித்துக்கொண்டே போனாய்.

பிறகு ஒரு காலையில், கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். செய்தி வந்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மாடு குடித்து முடிக்கும் வரை நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகுதான் தனத்திடம் சொன்னேன்.

உன் பிள்ளைகள் சின்னவர்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் முன்னால் நின்றேன். பெரியவன் கொள்ளிச்சட்டி தூக்க, நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீ உட்கார வைத்துப் பேசிச் சமாதானமாகிப் போனவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பெரம்பலூரிலிருந்து ஒரு அண்ணன் தம்பி ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். உன்னால்தான் தாங்கள் ஒரே வண்டியில் வருகிறோம் என்று என்னிடம் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

காரியம் முடியும் வரை யார் வீட்டு வாசலும் மிதிக்க வேண்டாம் என்று தனம் சொன்னாள். கொள்ளிக்குத் துணை நின்றவன் நான், அது முறைதான். அந்த நாட்களில் ஒரு நாள் பழனிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தான். வழக்குப் போட்ட பிறகு அவன் என் வாசல் ஏறியது அன்றைக்குத்தான். துக்கம் கேட்க வந்தான். உட்கார்ந்தான். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை தனத்திடம் சொன்னான். அவன் கையில் கடலைச் செடியின் மண் காயாமல் இருந்தது. பிடுங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வந்திருக்கிறான். துக்கம் கேட்கப் போன இடத்தில் வேறு பேச்சுப் பேசக் கூடாது. அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போய் வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. எழுந்து, சொல்லாமல் போனான்.

எந்த வாசலுக்கு அவன் வர வேண்டும் என்று இத்தனை வருஷம் கோர்ட்டு ஏறினேனோ அந்த வாசலுக்கு வந்தான். வந்தவனால் கேட்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிழக்கே கறுத்துவிட்டது. தனம் வாசலில் நின்று பார்த்தாள். "கடலயப் பிடுங்கிப் போட்டிருக்காரு. தலச்சுமையா எடுத்துக்கிட்டு ஓடையச் சுத்திப் போவறதுக்குள்ள நனஞ்சு மொளச்சுப் போயிடும். இந்த ஒரு வருஷம் ஓட்டிக்கிடட்டும்னு ஆள் விட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"ஆள் விட்டுச் சொல்ற விஷயமாடி இது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "அன்னைக்கு டீக்கடையில அவரும் இதத்தான் சொன்னாராம். தம்பி சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் பக்கம் தப்பு என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. ஆனால் விடிந்ததும் கொல்லைக்குப் போனேன். என் நிலத்தில் நிற்க எனக்கு எந்தத் துக்கமும் தடை இல்லை. வரப்பின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் நான் போட்ட முள். அவன் மனைவி சுமை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பழனிமுத்து, ஒன் கட்சிய நான் சொல்றேன். சரியா இருக்கான்னு பாரு" என்றேன்.

அவன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான்.

சொன்னேன். அவன் அப்பா செத்ததிலிருந்து தொடங்கினேன். வாசல் மிதிக்க முடியாததைச் சொன்னேன். ஆள் அனுப்பினால் எனக்கு மரியாதைக் குறைவு என்று அவன் நினைத்ததைச் சொன்னேன். கடலை நனைந்தால் அந்த வருஷம் வீட்டில் எதுவும் இல்லை என்பதைச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தபோது, தன் அப்பா நடந்த தடத்தில் முள் கிடந்ததையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு, "ஆமாங்க, இதான். ஆனா ஒண்ணு வுட்டுட்டீங்க" என்றான். விட்டது என்ன என்று கேட்டேன். சொன்னான்.

அவன் சொன்னது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். நானே படித்த சட்டம் எனக்குத் தெரியும். அந்த ஒன்றை நான் கோர்ட்டில் கேள்வியாக வைத்து அவன் ஆமாம் என்றால், அவன் பிராது அன்றே தள்ளுபடி. அவன் வக்கீல் அதை வெளியே விடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான், எதிராளியான என்னிடம், முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான்.

"இது எங்க மாப்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத வருஷமே வக்கீல் தம்பிகிட்ட சொல்லிட்டனே. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. நீ சொல்லவே இல்லை, மாப்ளே.

என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் அக்காள் புருஷன் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதையும், கோர்ட்டு வராந்தாவில் காத்துக் கிடப்பதையும், பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் ஜெயிக்கிற விஷயத்தை உனக்குள் வைத்துக்கொண்டு, "சாப்ட்டீங்களா மாமா" என்று கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது ஒரு வார்த்தை நழுவியிருக்கலாமே. உனக்குக் கஷ்டமாக இல்லையா? ஒரு ராத்திரியாவது அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லையா? தனத்திடம் கேட்டேன். அவளுக்கும் தெரியாது.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் இது தெரிந்ததும் இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வண்டி விடறேங்க" என்றான் பழனிமுத்து.

"விடு" என்றேன்.

முள்ளை அவனே இழுத்துப் போட்டான். நான் கை வைக்கவில்லை. மழைக்கு முன்னால் கடலை வீடு சேர்ந்துவிட்டது.

இப்போதைய நிலவரம் சொல்கிறேன். வழக்கு இருக்கிறது. அவன் பிராதை வாபஸ் வாங்கவில்லை, நானும் வாங்கச் சொல்லவில்லை. மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று அங்கங்கே வைக்கிறார்களாம், இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிறார்களாம். நம் வழக்கையும் அதில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். நீ டீக்கடையில் செய்ததை இப்போது பந்தல் போட்டுச் செய்கிறார்கள். வருகிறேன் என்றேன். 'பாத்தியம்' என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்த பெண் இப்போது பெரம்பலூரில் வக்கீலாக இருக்கிறாள். துக்கம் கேட்க வந்தாள். நீ எடுத்த பாடத்தை இப்போது திருச்சியில் யாரும் எடுப்பதில்லை என்று சொன்னாள். பாடப் புத்தகத்தில் இல்லாததை யார் எடுப்பார்கள்?

உன் பெரிய பையனுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வள்ளி தன் அப்பா வீட்டுக்குப் போகவில்லை, அரியலூரிலேயே இருக்கிறாள். வாய்தாவுக்கு வருகிற அன்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

டீக்கடையில் நீ கேட்ட நிபந்தனைக்கு நான் சம்மதம் சொன்னவன் இல்லை. சட்டப்படி என்னை எதுவும் கட்டுப்படுத்தாது. பழனிமுத்துவும் என்னிடம் வாக்கு எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் உனக்குச் சொல்கிறேன். நான் இந்த வழக்கை நடத்துவேன், விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த சட்டத்தை எல்லாம் பேசுவேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சொன்ன அந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன். தீர்ப்பு எனக்கு விரோதமாகப் போனாலும் கேட்க மாட்டேன். நீ வைத்திருந்த இடத்திலேயே அது இருக்கும்.

இப்படிக்கு,
நீ நடுவில் நின்றதை இன்றும் ஒத்துக்கொள்ளாத,
உன் அக்கா வீட்டுக்காரன்,
மாமன் வைத்திலிங்கம்